நூற்றுக்கு எத்தனை பேருக்குக் காய்ச்சல்?

மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்குக் காய்ச்சல் இருந்தது? எளிய கேள்விதான். 2020-ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்குள் இதற்கு மூன்று விடைகள் அச்சில் வந்துவிட்டன. வூஹான் நகரின் ஜின்யின்டான் மருத்துவமனையில் தொடக்கத்தில் சேர்க்கப்பட்ட 41 பேரைப் பற்றி ஜனவரி 24 அன்று ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை 98 சதவீதம் என்றது. சீனாவின் 552 மருத்துவமனைகளிலிருந்து 1,099 பேரின் விவரங்களைத் திரட்டி பிப்ரவரி இறுதியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட கட்டுரை, சேரும்போது காய்ச்சல் இருந்தவர்கள் 43.8 சதவீதம் என்றது. நியூயார்க் வட்டாரத்தின் 12 மருத்துவமனைகளில் சேர்ந்த 5,700 பேரைப் பற்றி ஏப்ரலில் ‘ஜாமா’ இதழில் வந்த கட்டுரை 30.7 சதவீதம் என்றது. வைரஸ் ஒன்று, நோய் ஒன்று. மூன்றையும் எழுதியவர்கள் பொறுப்பான மருத்துவர்கள். இந்த எண்கள் எதிலும் கணக்குப் பிழை இல்லை. அப்படியிருந்தும் விடைகள் இவ்வளவு விலகி நிற்கின்றன என்றால், அந்த எண்கள் நோயைப் பற்றி மட்டும் பேசவில்லை. யாரைப் படுக்கையில் சேர்த்தார்கள், எந்த நேரத்தில் அளந்தார்கள், எந்தக் கோட்டைத் தாண்டினால் ‘உண்டு’ என்று குறித்தார்கள் என்பதையும் சேர்த்தே பேசுகின்றன. இந்த மூன்றையும் கேட்காமல் மருத்துவமனைப் புள்ளிவிவரங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்றோம். அதற்கு நாம் கொடுத்த விலை பெரிது, அடுத்த சுவாச வைரஸின்போது அதை மறுபடி கொடுக்கத் தேவையில்லை.

வூஹானின் 98 சதவீதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பரில் அங்கே இந்த நோய்க்குப் பெயர்கூட இல்லை. ‘காரணம் தெரியாத நிமோனியா’ என்ற வரையறைக்குள் வருபவர்களைத்தான் மருத்துவர்கள் தேடினார்கள். அந்த வரையறை கேட்டவை: காய்ச்சல், நுரையீரல் படத்தில் நிமோனியாவின் அடையாளம், வெள்ளை அணுக்கள் குறைவாகவோ இயல்பாகவோ இருத்தல், ஆன்டிபயாடிக் கொடுத்தும் சில நாட்களில் தேறாமை. காய்ச்சல் உள்ளவர்களைத் தேடிச் சேர்த்துவிட்டு, சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எண்ணினால் ஏறத்தாழ எல்லோருக்கும் என்றுதான் விடை வரும். அந்த 41 பேரில் ஒவ்வொருவருக்கும் நுரையீரல் ஸ்கேனில் பாதிப்பு தெரிந்ததற்கும் இதுவே பெரிய காரணம். தொண்டைக் கரகரப்போடு வீட்டிலேயே தேறியவரும், மணம் மட்டும் போய் நான்கு நாளில் சரியானவரும் அந்த அட்டவணைக்குள் நுழையவே வழியில்லை.

அடுத்தது கோடு. வூஹான் கட்டுரையில் அக்குளில் 37.3 டிகிரி செல்சியஸ் இருந்தாலே காய்ச்சல். 1,099 பேர் கட்டுரையில் 37.5. நியூயார்க்கில் 38-ஐத் தாண்ட வேண்டும். 37.6 டிகிரி உடம்புச் சூட்டோடு வரும் ஒரே மனிதர் முதல் இரண்டு பட்டியல்களில் காய்ச்சல்காரர், மூன்றாவதில் இல்லை. அதற்கும் அடுத்தது நேரம். வூஹானில் நோயின் போக்கில் எப்போதாவது காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார்கள்; நியூயார்க்கில் அவசரப் பிரிவின் வாசலில் ஒருமுறை வெப்பமானியை வைத்துப் பார்த்ததைக் குறித்தார்கள். வரும் வழியில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டவர் அந்த நிமிடத்தில் குளிர்ந்திருப்பார். 1,099 பேர் கட்டுரையே இதைத் தெளிவாகக் காட்டுகிறது. சேரும்போது 43.8 சதவீதமாக இருந்த காய்ச்சல், மருத்துவமனையில் இருந்த நாட்கள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது 88.7 சதவீதமாகிவிட்டது. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றியவர்களிலேயே பாதிக்கும் மேற்பட்டோர் வாசலில் காய்ச்சலின்றி நின்றிருக்கிறார்கள். இது 2020 பிப்ரவரியிலேயே அச்சில் இருந்த செய்தி. அதற்குப் பின்னரும் இரண்டு ஆண்டுகள் கடைவாசலிலும் அலுவலக வாசலிலும் நெற்றிக்கு நேராக வெப்பமானியை நீட்டி, பச்சை விளக்கு எரிந்தால் ‘நோயில்லை’ என்று உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

ஆய்வகக் கணக்கிலும் இதே கதை. கோவிட் நோயாளிகளின் இரத்தத்தில் முதலில் கண்ணில் பட்டது லிம்போசைட் குறைவு. வெள்ளை அணுக்களில் ஒரு வகை இது. வைரஸ் புகுந்த செல்களைக் கண்டுபிடித்து அழிப்பதும் எதிர்ப்பொருள் உருவாக்குவதும் இதன் வேலை. அழற்சி கடுமையாகும்போது இவை இரத்த ஓட்டத்தை விட்டுத் திசுக்களுக்குள் செல்கின்றன, கணிசமான அளவில் மடியவும் செய்கின்றன. 41 பேர் கட்டுரையில் 63 சதவீதத்தினருக்கு இந்தக் குறைவு. 1,099 பேர் கட்டுரையில் 83.2 சதவீதம். இரண்டாவது கூட்டத்துக்குத்தான் நோய் கடுமை என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறு. முதல் கட்டுரை ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,000-க்குக் கீழே போனால்தான் குறைவு என்றது, இரண்டாவது 1,500-க்குக் கீழே போனாலே குறைவு என்றது. இந்தக் குறைவு கோவிட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. சார்ஸில் உண்டு, இன்ஃப்ளூயன்சாவில் உண்டு, ஸ்டீராய்டு மருந்து எடுப்பவருக்கும் உண்டு. 1,099 பேரில் 36.2 சதவீதத்தினருக்குத் தட்டணுக்களும் குறைவாக இருந்தன. மழைக்காலத்தில் டெங்கு பரவும் நம் ஊர்களில் வெள்ளை அணுவும் தட்டணுவும் குறைந்த ஒரு ரத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த நோய் என்று சொல்லிவிட முடியாது.

காய்ச்சல், அணுக்கள் பற்றிய குழப்பமாவது பொறுத்துக்கொள்ளக் கூடியது. இறப்புக் கணக்கில் வந்த குழப்பம் மனிதர்களை நேரடியாகக் காயப்படுத்தியது. முதல் 41 பேரில் 6 பேர் இறந்தார்கள், அதாவது 15 சதவீதம். 1,099 பேரில் 15 பேர், 1.4 சதவீதம். வூஹானின் இரண்டு மருத்துவமனைகளைப் பற்றி மார்ச்சில் வந்த மற்றொரு கட்டுரையில் 191 பேரில் 54 பேர், 28 சதவீதம். நோய் ஒரு மாதத்தில் பலவீனமாகி, அடுத்த மாதம் மறுபடி வலுத்ததா? இல்லை. 1,099 பேர் கட்டுரையில் கணக்கை மூடிய நாளில் 93.6 சதவீதத்தினர் இன்னும் படுக்கையில்தான் இருந்தார்கள். அவர்களில் யார் பிழைப்பார், யார் இறப்பார் என்று அந்தக் கட்டுரைக்குத் தெரியாது. 191 பேர் கட்டுரையோ வீடு திரும்பியவர்களையும் இறந்தவர்களையும் மட்டுமே எடுத்துக்கொண்டது. இடையில் இருந்தவர்களை எண்ணவில்லை. முடிவு தெரியாதவர்களைப் பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணில், சேர்த்தால் இறப்பு விகிதம் குறைந்து தெரியும், நீக்கினால் கூடித் தெரியலாம்.

நியூயார்க் கட்டுரை இந்தப் பள்ளத்தில்தான் விழுந்தது. வென்டிலேட்டர் வைக்கப்பட்டவர்களில் 88.1 சதவீதத்தினர் இறந்ததாக அது 2020 ஏப்ரல் 22 அன்று சொன்னது. உலகம் முழுக்கச் செய்தித்தாள்கள் அதைத் தலைப்பாக்கின. வென்டிலேட்டர் வைக்கப்பட்டவர்கள் மொத்தம் 1,151 பேர். அவர்களில் 282 பேர் இறந்திருந்தார்கள், 38 பேர் உயிரோடு வீடு திரும்பியிருந்தார்கள், 831 பேர் அன்றைக்கும் மருத்துவமனையில் இருந்தார்கள். 88 சதவீதம் என்பது முடிவு தெரிந்த 320 பேரில் 282 என்ற கணக்கு. இரண்டே நாளில் இதழ் திருத்தம் வெளியிட்டு, 1,151 பேரையும் பகுதியில் வைத்து 24.5 சதவீதம் என்று மாற்றியது. திருத்தப்பட்ட எண்ணும் இறுதி எண் அல்ல, 831 பேரின் கதை முடியவில்லையே. ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவில் எவ்வளவு அகலமான இடம் இருக்கிறது பாருங்கள். வென்டிலேட்டரில் விரைவில் இறப்பவர்களின் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். மூன்று வாரம் போராடித் தேறுபவர்களின் கணக்கு தாமதமாகத்தான் வரும். பரவல் உச்சத்தில் எடுக்கும் எந்தக் கணக்கும் இந்தச் சாய்வோடுதான் பிறக்கும். ‘வென்டிலேட்டர் வைத்தால் பிழைப்பதில்லை’ என்ற பேச்சு அப்போது பரவியது, இன்றும் பல குடும்பங்களில் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் நேரத்தில் எழுந்து நிற்கிறது. அந்தப் பேச்சுக்கு இத்தகைய எண்கள் உரமிட்டிருக்கின்றன. தலைப்புச் செய்தி எட்டிய தூரத்தைத் திருத்தம் எட்டியதே இல்லை.

இனி இணை நோய்கள். தமிழ்நாடு அரசின் தினசரி மருத்துவ அறிக்கை ஒரு நல்ல காரியத்தைச் செய்தது. இறந்தவர்களின் பெயரை விட்டுவிட்டு, வயது, பாலினம், இருந்த நோய்கள், அறிகுறிகள், சேர்ந்த நாள், இறந்த நாள் ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பத்தியாகத் தந்தது. அந்தப் பத்திகளைப் படித்த பலர் முதலில் தேடியது ‘சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம்’ என்ற சொற்களை. அவை இருந்தால் ‘நமக்கு இல்லை’ என்று ஓர் ஆறுதல், இல்லையென்றால் பதற்றம். நியூயார்க் அட்டவணையும் அப்படித்தான் வாசிக்கப்பட்டது: 56.6 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம், 41.7 சதவீதத்தினருக்கு உடல் பருமன், 33.8 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய். பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்த அழுத்தம் என்றதும் அதுதான் ஆளைக் கொல்கிறது என்று முடிவு கட்டினார்கள். அந்த நோயாளிகளை வயது வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வயது 63. 60 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரியாமல், மருத்துவமனையில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க வழியே இல்லை.

அந்த ஊர்க் கணக்கை எடுத்தது இங்கிலாந்தின் ‘ஓபன்சேஃப்லி’ ஆய்வு. படுக்கையில் கிடந்தவர்களை விட்டுவிட்டு, 1.7 கோடிக்கும் அதிகமான பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, அவர்களில் கோவிட்டால் இறந்த ஏறத்தாழ 11,000 பேர் மற்றவர்களிடமிருந்து எதில் வேறுபட்டார்கள் என்று பார்த்தது. வயது எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது. ஆண்களுக்கும் வறியவர்களுக்கும் ஆபத்து கூடுதல். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், வயதையும் பிறவற்றையும் சரிக்கட்டிய பிறகும் ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கியது. உயர் ரத்த அழுத்தமோ அப்படிச் சரிக்கட்டிய பிறகு தனியாகக் கூடுதல் ஆபத்தைக் காட்டவில்லை. ஆக, மருத்துவமனை அட்டவணையில் முதலிடத்தில் இருந்த நோய் பெரும்பாலும் முதுமையின் நிழலாகவே அங்கே இருந்திருக்கிறது. மூன்றாமிடத்தில் இருந்த நோய்தான் உண்மையான எதிரி. நாற்பது வயதில் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டவருக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல.

மருத்துவமனைக் கணக்கு எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்குப் புகைப்பழக்கத்தைச் சொல்லலாம். சீனாவில் வயது வந்த ஆண்களில் பாதிப் பேர் புகைப்பவர்கள். 1,099 நோயாளிகளிலோ 12.6 சதவீதத்தினர் மட்டுமே அப்போது புகைத்தவர்கள் என்று பதிவானது. புகை காக்கிறதோ என்ற பேச்சு எழுந்தது. நிகோடின் பயன்படலாம் என்று பிரான்சில் சில ஆய்வாளர்கள் சொல்ல, மக்கள் வாங்கிக் குவித்துவிடாமல் இருக்க நிகோடின் பட்டைகளின் விற்பனையை அந்த அரசு ஏப்ரலில் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. மூச்சு வாங்கும் நோயாளியிடம் நெரிசலில் எடுத்த புகைப்பழக்க விவரம் எவ்வளவு முழுமையாக இருக்கும்? நோய்வாய்ப்பட்டு அண்மையில் விட்டவர் ‘புகைப்பதில்லை’ என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். அதே கட்டுரையில் நோய் கடுமையானவர்களில் 16.9 சதவீதம் புகைப்பவர்கள், கடுமையாகாதவர்களில் 11.8 சதவீதம் என்றும் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் இருந்த இந்த எண்ணை யாரும் தலைப்பாக்கவில்லை.

இவ்வளவையும் கேட்கும் மருத்துவர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடுவார். புது நோய் வந்து ஆட்கள் சாகும்போது வேறு எந்த எண் கையில் இருந்தது? அட்டவணை குறையுள்ளது என்று காத்திருக்க முடியுமா? முடியாது. அந்த 41 பேர் கட்டுரை மனித குலத்துக்குக் கிடைத்த பெரிய உதவி என்பதே என் கருத்தும். அதிலிருந்த மிகப் பயனுள்ள எண் சதவீதக் கட்டங்களில் இல்லை, காலக்கோட்டில் இருந்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து மூச்சுத்திணறல் வரும்வரை நடுத்தரமாக எட்டு நாள். முதல் வாரம் சாதாரணமாகப் போய், தேறிவிட்டோம் என்று நினைக்கும் வேளையில் நுரையீரல் கைவிடும் என்பதை உலகத்தின் மருத்துவர்கள் அங்கேதான் படித்தார்கள். இது நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதத்தால் பெரிதாகக் கெடாத செய்தி. ஏனென்றால் அது ‘எத்தனை பேர்’ என்று கேட்கவில்லை, கடுமையானவர்களுக்கு ‘எப்போது’ என்று கேட்டது. கடுமையானவர்கள்தானே அங்கே இருந்தார்கள். அட்டவணையில் உள்ள ஆட்களைப் பற்றிய கேள்விக்கு அட்டவணை நன்றாகவே பதில் சொல்லும். அட்டவணையில் இல்லாத ஆட்களைப் பற்றி அதைக் கேட்டபோதுதான் தவறினோம்.

2021-இன் இரண்டாம் அலையில் அந்தத் தவறு வணிகமானது. ரத்தக்கட்டியையும் அழற்சியையும் காட்டும் டி-டைமர், சி.ஆர்.பி., ஃபெரிட்டின், ஐ.எல்.-6 என்று ஒரு கட்டாகச் சோதனைகளை ஆய்வகங்கள் விற்றன. லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தார்கள். அறிக்கையில் தடித்த எழுத்தில் வந்த எண்ணைப் பார்த்து உறக்கம் இழந்தார்கள். டி-டைமர் என்பது ரத்தக்கட்டி கரையும்போது மிஞ்சும் புரதத் துணுக்கு. முன்னே சொன்ன 191 பேர் கட்டுரை, சேரும்போது இது ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தவர்களுக்கு இறப்பின் சாத்தியம் 18 மடங்கு என்றது. அந்த 18 எங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதன் பக்கத்திலேயே, உண்மை மதிப்பு 2.6 மடங்கிலிருந்து 128 மடங்குவரை எங்கும் இருக்கலாம் என்று அச்சிட்டிருந்ததை மேற்கோள் காட்டியவர்கள் குறைவு. 54 இறப்புகளிலிருந்து எடுக்கும் கணக்கு அவ்வளவுதான் தாங்கும். தவிர, டி-டைமர் முதுமையில் கூடும், கர்ப்பத்தில் கூடும், அறுவை சிகிச்சைக்குப் பின் கூடும், எந்தத் தொற்றிலும் கூடலாம். தீவிர நோயாளிகளிடையே அது கூடியிருந்தால் கவனிக்க வேண்டிய அடையாளம். தொண்டைவலியோடு வீட்டில் நடமாடும் ஐம்பது வயதுக்காரரிடம் அதே எண் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை.

‘சோதித்துப் பார்த்துவிடுவதில் என்ன நஷ்டம், முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதானே’ என்ற கேள்வி பலருடையது, அதை எளிதாகத் தள்ளக் கூடாது. சோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றுமானால் முன்கூட்டித் தெரிவது நல்லது. மாற்றாது என்றால் அந்த முடிவு அச்சத்தையும் செலவையும் தவிர வேறொன்றையும் தருவதில்லை. பல வேளைகளில் தவறான மருந்தையும் தருகிறது. சி.டி. ஸ்கேனில் இது தெளிவாகத் தெரிந்தது. ‘இருபத்தைந்துக்கு எட்டு’ என்று நுரையீரலுக்கு மதிப்பெண் கேட்டுக்கொண்ட காலம் அது. 2021 மே 3 அன்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா, லேசான நோய்க்கு ஸ்கேன் வேண்டாம், ஒரு ஸ்கேன் முன்னூறு நானூறு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று எச்சரித்தார். கதிரியக்கவியல் மருத்துவர்களின் சங்கம் அந்த ஒப்பீடு பழையது, இன்றைய கருவிகளுக்குப் பொருந்தாது என்று மறுத்தது. விவாதம் கதிர்வீச்சின் அளவைச் சுற்றியே சுழன்றது. முக்கியமான கேள்வி அதுவாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் சரியாக உள்ள ஒருவரின் நுரையீரலில் சில வெண்திட்டுகள் தெரிந்தால் அவருக்குத் தரக்கூடிய சிகிச்சை என்ன மாறியது? எதுவும் மாறியிருக்கக் கூடாது. ஆனால் மாறியது, அவர் கையில் ஸ்டீராய்டு மாத்திரை வந்தது.

ஸ்டீராய்டு கதையில்தான் ‘யாருக்கு’ என்ற கேள்வியின் எடை முழுதாகத் தெரிகிறது. தொடக்கக் கட்டுரைகளில் ஸ்டீராய்டு பெற்றவர்களே அதிகம் இறந்தது போலத் தோன்றியது. கடுமையானவர்களுக்குத்தானே கொடுத்தார்கள், வேறெப்படித் தோன்றும்? அட்டவணைகளை எத்தனை முறை புரட்டினாலும் தீராத இந்த ஐயத்தை பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு தீர்த்தது. யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் முறைக்கு விட்டு, 2,104 பேருக்கு டெக்ஸாமெதசோன் நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள்வரை கொடுத்து, கொடுக்காத 4,321 பேரோடு ஒப்பிட்டது. 2020 ஜூனில் முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3-ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2-லிருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் மருந்து பெற்றவர்கள் 17.8 சதவீதம், பெறாதவர்கள் 14 சதவீதம் இறந்தார்கள். கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான், ஆனால் நன்மையின் சுவடு அங்கே இல்லை. விலை மிகக் குறைந்த, எந்த அரசு மருத்துவமனையிலும் உள்ள ஒரு மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது, மூச்சுக்குத் தவித்தவர்களுக்குக் கொடுத்தபோது. அதே மருந்து ஸ்கேன் மதிப்பெண்ணைப் பார்த்து வீட்டில் இருந்தவர்களுக்கும், அளவு மீறி நெடுநாளும் கொடுக்கப்பட்டது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையோடு அது சேர்ந்த இடங்களில் கருப்புப் பூஞ்சை வந்தது. 2021 மே மாதம் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தன. கண்ணையும் தாடையையும் இழந்து உயிர் பிழைத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அப்படியானால் மருத்துவமனை அட்டவணைகளைக் குப்பையில் போட்டுவிடலாமா? கூடாது. சரியாகக் கேட்டபோது அவை தந்த பதிலுக்கு நல்ல உதாரணம் உண்டு. பிரிட்டனில் 35,000-க்கும் மேற்பட்ட உள்நோயாளிகளின் விவரங்களிலிருந்து, சேரும் வேளையில் இறப்பின் சாத்தியத்தை மதிப்பிடும் ‘4சி’ மதிப்பெண்ணை உருவாக்கினார்கள். அதில் எட்டே விஷயங்கள்: வயது, பாலினம், இணை நோய்களின் எண்ணிக்கை, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் காட்டும் ஆக்சிஜன் அளவு, நினைவின் தெளிவு, ரத்தத்தில் யூரியா, சி.ஆர்.பி. மொத்த மதிப்பெண் 21. மூன்றும் அதற்குக் கீழும் பெற்றவர்களில் இறந்தவர்கள் ஒரு சதவீதம், பதினைந்தும் அதற்கு மேலும் பெற்றவர்களில் 62 சதவீதம். எட்டில் ஆறுக்கு ஊசியே வேண்டாம். மீதி இரண்டும் தாலுகா மருத்துவமனையில் செய்யக்கூடிய சோதனைகள். விலையுயர்ந்த சோதனைகள் ஒன்றும் பட்டியலில் இடம்பெறவில்லை. இந்திய அரசின் சிகிச்சை வழிகாட்டியும் நோயின் கடுமையை மூச்சின் எண்ணிக்கையையும் ஆக்சிஜன் அளவையும் வைத்தே பிரித்தது: மூச்சு 24-ஐத் தொட்டாலோ ஆக்சிஜன் 93-க்கு இறங்கினாலோ நடுத்தரம், மூச்சு 30-ஐத் தாண்டினாலோ ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனாலோ கடுமை. சி.ஆர்.பி.க்கும் அதற்கேற்ற இடம் உண்டு. ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. 75-ஐயும் எட்டியவர்களுக்கு டோசிலிசுமாப் என்ற அழற்சி தணிக்கும் மருந்தைக் கொடுத்தபோது இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31-ஆகக் குறைந்ததை அதே ரெகவரி ஆய்வு காட்டியது. அங்கே அந்த எண் ஒரு முடிவை மாற்றியது.

மூச்சை எண்ணுவது அத்தனை எளியது, அத்தனை புறக்கணிக்கப்பட்டதும்கூட. நோயாளி அறியாமல் ஒரு முழு நிமிடம் மார்பைப் பார்த்து எண்ண வேண்டும். நெரிசலான வார்டுகளில் அந்த நிமிடம் கிடைக்காமல், பார்க்காமலேயே 18 என்றோ 20 என்றோ எழுதிவிடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். ஆக்சிமீட்டர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கும் ஒரு வரம்பு இருப்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் காட்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். தோலின் நிறமி ஒளியை உறிஞ்சுவதால் கருவி கூட்டிக் காட்டுகிறது. கருமை நிறத்தோலே மிகுதியாக உள்ள நம் நாட்டில் இதை ஒவ்வொரு வார்டும் அறிந்திருக்க வேண்டும். கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரே கருவியில், ஒரே விரலில், நாளுக்கு நாள் எண் இறங்குகிறதா என்று பார்ப்பது தனியொரு எண்ணைவிட நம்பகமானது. எண் 95 காட்டும்போதே ஆள் மூச்சு வாங்கினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

நம் நாட்டுக் கணக்கும் இதே கேள்விகளுக்குக் காத்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளைச் சேர்த்துத் தேசிய மருத்துவப் பதிவேட்டைத் தொடங்கி, ஏறத்தாழ 19,000 உள்நோயாளிகளைக் கொண்டு இரண்டு அலைகளையும் ஒப்பிட்டது. இரண்டாம் அலையில் இளவயதினர் சற்றுக் கூடுதல், மூச்சுத்திணறலோடு வந்தவர்கள் கூடுதல், 20 வயதுக்கு உட்பட்டோர் தவிர மற்ற எல்லா வயதிலும் இறப்பும் கூடுதல். அந்த அலையில் பரவிய டெல்டா வகை வைரஸ் கொடியது என்பதற்கு இது சான்றா? ஓரளவு இருக்கலாம். ஆனால் 2021 ஏப்ரலில் படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்சில் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். மூச்சுத் திணறியவருக்கே இடம் இல்லாதபோது, உள்ளே வந்தவர்கள் எல்லோரும் மூச்சுத் திணறியவர்களாகத்தான் இருப்பார்கள். வைரஸ் மாறியதா, வாசல் குறுகியதா என்பதை உள்ளே இருந்தவர்களின் பட்டியலை மட்டும் கொண்டு பிரித்தறிய முடியாது. வெளியே நின்றவர்களின் கணக்கும் வேண்டும்.

கணக்கெடுப்புக்கு முன்கூட்டியே தயாராக முடியும். பிரிட்டனில் உள்நோயாளிகளின் விவரம் எடுக்கும் படிவமும் நெறிமுறையும் நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி அனுமதி பெற்று வைக்கப்பட்டிருந்தன; 2020 ஜனவரி 17 அன்று, அந்த நாட்டில் முதல் நோயாளி உறுதிசெய்யப்படும் முன்பே, அவற்றை இயக்கிவிட்டார்கள். மே மாதத்துக்குள் 208 மருத்துவமனைகளிலிருந்து 20,133 பேரின் விவரம் அச்சில் வந்தது. அந்தக் கட்டுரையில் 26 சதவீதம் இறந்தார்கள், 41 சதவீதம் வீடு திரும்பினார்கள் என்பதோடு, 34 சதவீதத்தினர் இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய பழக்கம் ஏற்கெனவே உண்டு. இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி எழுதிய துறை, சேரும் ஒவ்வொருவருக்கும் அதே பத்தியை எழுதலாம்: அறிகுறி தொடங்கிய நாள், சேர்ந்த நாள், அன்றைய மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கடைசியில் வீடு திரும்பினாரா, இறந்தாரா, இன்னும் இருக்கிறாரா. படிவத்தை இப்போதே அச்சடித்து வைக்கலாம், அடுத்த வைரஸின் பெயரை எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டு.